மழைநீர் வடிகால் கட்டணம்: டர்பன் வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

மாநகராட்சியின் வரைவு பட்ஜெட்டில் வீட்டுக்காரர்களுக்கென்று தனியாக ஒரு மழைநீர் வடிகால் கட்டணம் வந்தால் அதை எப்படிப் படிப்பது, உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வரும், கருத்தை எப்படி எழுதிக் கொடுப்பது என்பதற்காக இந்தப் பக்கம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், இசிப்பிங்கோ, டோங்காட் பக்கத்துக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். சட்டமும் கணக்கும் தென்னாப்பிரிக்காவின் எந்த நகரத்துக்கும் பொருந்தும்.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வடிகாலுக்குப் பணம் தேவை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள், வசூலாகும் பணம் எந்தக் கணக்கில் போய்ச் சேர்கிறது என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் வராத கட்டணத்தை யாரும் ஏற்கக் கூடாது.

ரேட்ஸ் (சொத்து வரி) கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்? இது ஏன் தனியாக?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், கேட்க வேண்டியதும் இதைத்தான். கட்டடங்கள் நிறைந்த பகுதிகளில் மழைநீரை நிர்வகிப்பது உள்ளாட்சியின் பொறுப்பு என்று அரசியலமைப்பின் 4ஆம் அட்டவணை, பகுதி ‘பி’ சொல்கிறது. அந்தச் செலவு வழக்கமாக ரேட்ஸ் பணத்திலிருந்துதான் போகிறது. ரேட்ஸ் சொத்தின் மதிப்பை வைத்து வருவது. உங்கள் கூரையிலிருந்தும் முற்றத்திலிருந்தும் எவ்வளவு தண்ணீர் தெருவுக்கு ஓடுகிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மதிப்புக் குறைந்த இடத்தில் பெரிய சிமெண்ட் தளம் போட்ட கிடங்கு ஏராளமான தண்ணீரை வெளியே தள்ளும், விலை உயர்ந்த தோட்ட வீடு பெரும்பாலானதை மண்ணுக்குள் விட்டுவிடும். தனிக் கட்டணத்துக்கு இருக்கும் நியாயம் இவ்வளவுதான்: தண்ணீரை அதிகம் தள்ளுபவர் அதிகம் கொடுக்கட்டும்.

அந்த நியாயம் நிற்க வேண்டுமென்றால், இதுவரை வடிகாலுக்காக ரேட்ஸிலிருந்து போன தொகை என்ன ஆகிறது என்று சொல்ல வேண்டும். அந்த அளவுக்கு ரேட்ஸ் குறைகிறதா, அல்லது அந்தப் பணம் வேறு செலவுக்குத் திரும்பிவிடுகிறதா? பட்ஜெட் ஆவணத்தில் இதற்குப் பதில் இல்லாவிட்டால் உங்கள் கடிதத்தின் முதல் கேள்வியாக அதை வையுங்கள்.

இதற்கு வாட் (மதிப்புக் கூட்டு வரி) உண்டா?

ரேட்ஸுக்கு வாட் பூஜ்ய விகிதம். மாநகராட்சியின் சேவைக் கட்டணங்களுக்கு 15%. ஒரே செலவை ரேட்ஸிலிருந்து எடுத்துச் சேவைக் கட்டணமாக மாற்றினாலே வீட்டுக்காரர் கையிலிருந்து கூடுதலாகப் பணம் போகும், அது வடிகாலுக்கும் போய்ச் சேராது. விளம்பரத்தில் போடும் தொகை வாட்டுக்கு முந்தியதா பிந்தியதா என்று பாருங்கள். வரைவுகளில் பெரும்பாலும் வாட் இல்லாத தொகையே கண்ணில் படும்.

சாக்கடைக்குக் கட்டுகிறோமே, அதுவும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. கழிப்பறை, குளியலறை, சமையலறைத் தண்ணீர் கழிவுநீர்க் குழாயில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. மழைநீர் வேறு குழாயில், சுத்திகரிக்கப்படாமலேயே, நேராக ஓடைக்கும் ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. கூரையிலிருந்து இறங்கும் டவுன்பைப்பைக் கழிவுநீர் கல்லியில் (தரையோரக் கழிவுநீர் வாயில்) விட்டிருக்கும் வீடுகள் நிறைய உண்டு. அது சட்டப்படி தவறு. கனமழையில் கழிவுநீர்க் குழாய் நிரம்பி, சரிவில் கீழே இருப்பவர் வீட்டு மேன்ஹோல் வழியாகப் பொங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உங்கள் வீட்டில் எப்படி என்று தெரியாவிட்டால், ஒரு வாளித் தண்ணீரில் சமையல் வண்ணம் கலந்து கூரை விளிம்பில் இருக்கும் கட்டருக்குள் ஊற்றி, எந்த மூடிக்குள் வண்ணம் வருகிறது என்று பாருங்கள்.

எந்தெந்த முறையில் கணக்கிடுவார்கள்?

உலகில் புழக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் நான்கு.

வீட்டுக்கு ஒரே தொகை. வசூலிப்பது எளிது, ஏழைக் குடும்பத்துக்கு அநியாயம். சொத்து மதிப்பில் ஒரு விகிதம்: இது வேறு பெயரில் வரும் ரேட்ஸ்தான், வாட்டும் சேர்ந்து. கடினப் பரப்பளவு முறை: கூரை, டிரைவ்வே, கல்பாவிய முற்றம் என்று தண்ணீர் உள்ளே இறங்காத பரப்பைச் சதுர மீட்டரில் அளந்து கட்டணம் போடுவது. பெர்லினில் மழைநீருக்கு இப்படித்தான் வசூலிக்கிறார்கள். நான்காவது அலகு முறை: ஒரு சராசரி வீட்டின் கடினப் பரப்பை ஓர் அலகு என்று வைத்து, உங்கள் வீடு எத்தனை அலகு என்று பார்ப்பது. அமெரிக்க நகரங்களில் இது அதிகம்.

வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்க, தொகைகளைக் கற்பனையாக வைத்து ஒரு கணக்கு. முதல் வீட்டில் கூரை 140, டிரைவ்வே 40, கல்பாவிய முற்றம் 60, மொத்தம் 240 சதுர மீட்டர். இரண்டாவது வீட்டில் கூரை 90, நடைபாதை 15, மொத்தம் 105. சதுர மீட்டருக்கு மாதம் 30 சென்ட் என்றால் முதல் வீட்டுக்கு 72 ரேண்ட், இரண்டாவதுக்கு 31.50. வாட் சேர்த்து 82.80, சுமார் 36.23. இருவருக்கும் ஒரே தொகையாக 55 ரேண்ட் என்று வைத்தால் வாட்டோடு ஆளுக்கு 63.25. சின்ன வீட்டுக்காரர் கிட்டத்தட்ட 27 ரேண்ட் கூடுதலாகக் கொடுத்து, பெரிய முற்றத்தின் பாரத்தைத் தாங்குகிறார்.

அலகு முறையில் ஒரு பொறி இருக்கிறது. ஓர் அலகு 200 சதுர மீட்டர் என்று வைத்து, மிச்சத்தை மேல்நோக்கி முழுமையாக்கினால் 210 சதுர மீட்டர் வீடு 2 அலகாகிவிடும். பத்துச் சதுர மீட்டருக்கு இரட்டிப்புக் கட்டணம். ‘அருகிலுள்ள கால் அலகுக்கு முழுமையாக்கவும்’ என்று கேளுங்கள். நியாயமான கோரிக்கை, செய்வதும் எளிது.

எங்கள் பார்வையில் பரப்பளவு முறைதான் நான்கில் நேர்மையானது. அதை ஏற்பதற்கு முன், அளவு தவறானால் இலவசமாகத் திருத்திக்கொள்ளும் வழி வேண்டும்.

என் வீட்டை நானே அளக்கலாமா?

அளக்க வேண்டும். 30 மீட்டர் டேப், ஒரு தாள், அரைநாள் போதும். கூரையை அளக்கும்போது சுவரோடு நிறுத்தாமல், வெளியே நீண்டிருக்கும் விளிம்பு வரை தரைமட்டத்தில் அளவெடுங்கள். கூரையின் சாய்வு நீளத்தை எடுக்காதீர்கள். மேலிருந்து பார்த்தால் மறையும் தரைதான் கணக்கு. பிறகு அவுட்பில்டிங், கேரேஜ், டிரைவ்வே, முற்றம் தனித்தனியாக. ஒவ்வொன்றையும் செவ்வகமாகப் பிரித்து நீளத்தை அகலத்தால் பெருக்குங்கள். கூகுள் எர்த்தில் எல்லை வரைந்து வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் கூரை விளிம்பில் தவறு இருக்கும்.

மாநகராட்சி அளவில் வழக்கமாக என்ன தவறு வரும்?

வான்படத்திலிருந்து எடுக்கும் அளவில் இவை அடிக்கடி வரும்: காருக்கு மேல் கட்டிய நிழல்வலையைக் கூரை என்று எடுப்பது. வெறும் செம்மண் முற்றத்தைச் சிமெண்ட் தளம் என்று எடுப்பது. எல்லைக்கோடு சற்றே நகர்ந்திருப்பதால் அடுத்த வீட்டுக் கூரையின் ஒரு பட்டையை உங்கள் கணக்கில் சேர்ப்பது. இடித்துவிட்ட தகரக் கொட்டகை பழைய படத்தில் இன்னும் நிற்பது. சாட்ஸ்வொர்த்தின் ஒட்டு வீடுகளில் மூன்றாவது தவறுக்கு வாய்ப்பு மிக அதிகம். ஒரே கூரை இரண்டு வீட்டை மூடுவதால், நடுச்சுவர் எங்கே என்று படத்தில் தெரியாது. இரு வீட்டாரும் சேர்ந்து ஒரே வரைபடம் கொடுத்தால் திருத்தம் எளிதில் முடியும்.

நம் ஊர்களில் இதற்கு ஏன் இவ்வளவு எதிர்ப்பு?

பணம் மட்டும் காரணமில்லை. டர்பனில் யார் எங்கே குடியிருக்க வேண்டும் என்று குடியிருந்தவர்களா முடிவு செய்தார்கள்? உம்கேனி ஆற்றங்கரையின் ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்தில் இந்தியக் குடும்பங்கள் தகரக் குடிசைகளில் வாழ்ந்தன. 1917 அக்டோபர் வெள்ளத்தில், படகை இறக்கி 176 பேரைக் காப்பாற்றிய படவட்டான் அறுவரை இந்தச் சமூகம் மறக்கவில்லை. அதே நிலத்தில் 1976இல் மறுபடி வெள்ளம் வந்தது. அங்கிருந்த டின் டவுன் குடிசைப் பகுதி மக்களை ஃபீனிக்ஸுக்கு மாற்றினார்கள். குடியிருப்பை இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தால் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்டவர்களும் இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. ‘எங்களைச் சரிவிலும் தாழ்விலும் குடிவைத்துவிட்டு, வடிகாலுக்குக் காசும் எங்களிடமே கேட்பதா?’ என்ற கேள்விக்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது. கருத்துக் கூட்டத்தில் இதைச் சொல்லத் தயங்க வேண்டாம். சொல்லிவிட்டு அதிலிருந்து ஒரு கோரிக்கையை எடுங்கள்: வசூலாகும் பணத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கு, வடிகால் அமைப்பு ஆரம்பத்திலிருந்தே குறைவாக இருக்கும் பகுதிகளுக்கு முதலில் போக வேண்டும். அந்தப் பகுதிகளின் பட்டியல் கட்டணத்தோடு சேர்ந்து வர வேண்டும்.

இன்னொரு காரணம் நம்பிக்கையின்மை. தெருவில் கேட்ச்பிட் (மழைநீர் இறங்கும் ஓரக் குழி) ஆண்டுக்கணக்கில் மணல் மூடிக் கிடக்கும்போது புதுக் கட்டணத்தை நம்பச் சொல்வது கடினம். இந்தக் கோபம் நியாயமானது. அதற்கான மருந்து, பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை.

வேறு நகரங்களில் என்ன நடந்தது?

அமெரிக்காவின் ஹூஸ்டனில் 2010 நவம்பரில் வாக்கெடுப்பு வைத்து வடிகால் கட்டணம் கொண்டுவந்தார்கள். மூடிய வடிகால் உள்ள தெருவில் சதுர அடிக்கு ஆண்டுக்கு 3.2 சென்ட், திறந்த வாய்க்கால் உள்ள தெருவில் 2.6 சென்ட் என்று விகிதம் வைத்தார்கள். சேவை குறைந்த இடத்துக்குக் கட்டணமும் குறைவு என்ற இந்தக் கொள்கையை நாமும் கேட்கலாம். ஆனால் வாக்குச்சீட்டில் மக்கள் தலையில் கட்டணம் விழப்போகிறது என்பதைச் சரியாகச் சொல்லவில்லை என்று வழக்கு போனது. 2015இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் அந்த வாசகத்தைக் குறை கூறியது. 2018இல் மறுபடி வாக்கெடுப்பு வைத்து மக்கள் ஒப்புதலைப் பெற்றார்கள்.

நம் நாட்டில் ட்ஸ்வானே (பிரிட்டோரியா) மாநகராட்சியின் கதை இன்னும் நெருக்கமானது. மாநகராட்சியின் குப்பை வண்டியைப் பயன்படுத்தாமல் தனியாரிடம் கொடுப்பவர்கள் மீது மாதம் 194.37 ரேண்ட், வாட் தனி, என்று துப்புரவு வரி போட்டார்கள். 2025 ஜூலை 31 அன்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மாநகராட்சிக் கட்டணத்துக்கும் நீதிமன்றத்தில் கேள்வி உண்டு என்பதற்கு அது சாட்சி. உங்கள் கடிதத்துக்கு அடிப்படை, 2000ஆம் ஆண்டின் உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், பிரிவு 74. எல்லோரையும் நியாயமாக நடத்த வேண்டும், தொகை பொதுவாகப் பயன்பாட்டுக்கு ஏற்ப இருக்க வேண்டும், சேவையின் செலவைப் பிரதிபலிக்க வேண்டும், ஏழைக் குடும்பங்களுக்கு அடிப்படைச் சேவை கிடைக்க வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது.

கோயில்களும் கட்ட வேண்டுமா?

கோயில் நிர்வாகங்கள் இதை இப்போதே கவனிக்க வேண்டும். பொது வழிபாட்டிடங்களுக்கு 2004ஆம் ஆண்டின் ரேட்ஸ் சட்டத்தில் விலக்கு உண்டு. அது ரேட்ஸுக்கான விலக்கு. சேவைக் கட்டணத்துக்குத் தானாக வராது. காவடிக்கும் தீமிதிக்கும் கூட்டம் வருவதால் பெரிய கல்பாவிய வெளிகளும் கார் நிறுத்துமிடங்களும் உள்ள கோயில்களுக்கு, பரப்பளவு முறையில் கனமான பில் வரலாம். ஹூஸ்டனில் வழிபாட்டிடங்களுக்கும் பள்ளிகளுக்கும் விலக்கு கொடுத்தார்கள். இங்கே விலக்கோ குறைப்போ வேண்டுமானால் வரைவு நிலையிலேயே நிர்வாகக் குழுவின் பெயரில் எழுதிக் கேட்க வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி வைத்தால் கட்டணம் குறையுமா?

குறைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள், ஆனால் தொட்டி எப்படி உதவுகிறது என்று தெரிந்துகொண்டு சொல்லுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 120 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. மழை 3,000 லிட்டர், நனைந்து தெறித்தது போக சுமார் 2,700 கைக்கு வரும். 5,000 லிட்டர் ஜோஜோ தொட்டி தாராளமாகப் பிடிக்கும். ஆனால் தொட்டி ஏற்கெனவே நிரம்பியிருந்தால்? ஒரு சொட்டுக்கூடப் பிடிக்காது. மழைக்காலத்தில் பெரும்பாலான தொட்டிகள் நிரம்பித்தான் இருக்கும். இதைக் காரணம் காட்டியே மாநகராட்சி குறைப்பை மறுக்கலாம்.

இதற்கு வழி உண்டு. தொட்டியின் பாதி உயரத்தில் 25 மி.மீ. துளையுள்ள ஒரு வெளியேற்றம் வையுங்கள். கீழ்ப்பாதி வீட்டு உபயோகத்துக்கு, மேல்பாதி மழையைத் தாங்கிக்கொள்ள. சுமார் 2 மீட்டர் உயரத் தொட்டியில் மேல்பாதி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மெல்ல வடிந்து, அடுத்த மழைக்குக் காலியாக இருக்கும். துளைக்கு முன்னால் வலை அவசியம். இலை அடைத்தால் எல்லாம் வீண். வடியும் தண்ணீரைத் தோட்டத்திலோ தெரு வடிகாலிலோ விடுங்கள். ஒரே குழாயில் சேர்த்து அடுத்த வீட்டு மதிலுக்கு விடக் கூடாது.

உறிஞ்சுகுழி பற்றி ஓர் எச்சரிக்கை. டர்பனின் ‘பெரியா’ (Berea) செம்மணலில் தண்ணீர் வேகமாக இறங்கும், அதனால் பலரும் உறிஞ்சுகுழி தோண்டப் பார்க்கிறார்கள். சரிவில் தாங்குசுவருக்கு மேலே தோண்டினால் மண் ஊறிச் சுவர் சாயும். சமதளம் இல்லாத மனையில் பொறியாளரைக் கேட்காமல் தோண்ட வேண்டாம்.

இந்தப் பணத்தால் 2022 போன்ற வெள்ளம் நிற்குமா?

நிற்காது. நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2022 ஏப்ரல் 11, 12இல் சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மி.மீ.க்கு மேல் பெய்தது. குவாஸுலு-நட்டாலில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். 300 மி.மீ. என்றால் மேலே சொன்ன அதே கூரையில் 36,000 லிட்டர். குடியிருப்புத் தெருக் குழாய்களை வழக்கமாக இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்கே வடிவமைக்கிறார்கள். பெருவெள்ளத்துக்கு ஓடைக்கரையைக் காலியாக வைப்பது, கால்வாய்களை உறுதிப்படுத்துவது, ஆபத்தான சரிவில் வீடு கட்ட விடாமல் இருப்பது ஆகியவைதான் வேலை. கட்டணத்தால் குறையக்கூடியது ஆண்டுதோறும் தெருவில் தேங்கி வீட்டுக்குள் நுழையும் மழைநீர். அது சின்ன விஷயமும் இல்லை.

கருத்துச் சொல்ல எப்போது நேரம்?

நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. 2003ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதி மேலாண்மைச் சட்டப்படி வரைவு பட்ஜெட்டை 90 நாளுக்கு முன்பே, அதாவது மார்ச் முடிவதற்குள், மன்றத்தில் வைக்க வேண்டும். வைத்தவுடன் வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். குறைந்தது 30 நாளுக்கு முன், மே முடிவதற்குள், ஒப்புதலுக்கு எடுக்க வேண்டும். ஆக உங்கள் காலம் ஏப்ரலும் மே மாதத் தொடக்கமும். சித்திரைப் புத்தாண்டும் ஈஸ்டர் விடுமுறையும் அதில்தான் அடிக்கடி வந்து விழும். கடைசித் தேதி விளம்பரத்தில் இருக்கும், அதை முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் அந்த ஆண்டு முழுவதும் அந்தத் தொகைதான். இன்னொரு பக்கம், நிதி மீட்புத் திட்டம் இருந்தாலொழிய ஆண்டின் நடுவில் கட்டணத்தை உயர்த்தவும் முடியாது.

கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

‘எதிர்க்கிறேன்’ என்ற ஒரு வரி எண்ணிக்கையில் சேரும், பதில் வாங்கித் தராது. ரேட்ஸ் கணக்கு எண், வார்டு எண், உங்கள் வீட்டின் அளந்த பரப்பு, வரைவுப்படி வரும் மாதத் தொகை வாட்டோடு. பிறகு கேள்விகள்: ரேட்ஸ் எவ்வளவு குறையும், பணம் தனிக் கணக்கில் இருக்குமா, எந்தெந்த வேலைக்கு எந்த ஆண்டில் செலவாகும், ஏழைகள் பட்டியலில் உள்ளவர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் என்ன விலக்கு, அளவைத் திருத்த என்ன வழி. ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். ஒரே அச்சுக் கடிதத்தில் நூறு பேர் கையெழுத்திடுவதைவிட, தங்கள் வீட்டு எண்களோடு இருபது பேர் தனித்தனியாக எழுதுவது வலுவானது. மாநகராட்சியின் சிசகாலா வாடிக்கையாளர் மையத்தில் கொடுத்தால் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். வார்டு கவுன்சிலருக்கும் ஒரு நகல்.

எழுதத் தெரியாத பெரியவர்கள் என்ன செய்வது?

அவர்களுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. அமைப்புகள் சட்டத்தின் பிரிவு 21, எழுத முடியாதவர் அலுவலக நேரத்தில் நேரில் வந்தால் ஊழியர் ஒருவர் அவர் சொல்வதை எழுதிக்கொடுத்து உதவ வேண்டும் என்கிறது. அந்த இடம் எது என்பது அழைப்பிலேயே இருக்க வேண்டும். பாட்டி தமிழில் சொல்வதை வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்திலோ ஸுலுவிலோ எழுதி, அவர் கைநாட்டோடு கொடுப்பதும் நல்ல வழி.

எதிர்ப்பைக் காட்ட அந்தத் தொகையை மட்டும் கட்டாமல் விடலாமா?

எழுத்தில் தகராறைப் பதிவு செய்யாமல் கட்டுவதை நிறுத்தாதீர்கள். பாக்கி ஏறும், வட்டி ஏறும், மின்சாரத்தில் கை வைப்பார்கள், வீட்டை விற்கும்போது பாக்கி இல்லை என்ற கிளியரன்ஸ் சான்றிதழ் நிற்கும். பில்லில் ஒரு குறிப்பிட்ட தொகை மீது தகராறு இருக்கும்போது அந்தத் தொகைக்காக நடவடிக்கை எடுக்க முடியாதபடி அமைப்புகள் சட்டத்தின் பிரிவு 102 தடை வைத்திருக்கிறது. அதற்கு எந்தத் தொகை, என்ன காரணம் என்று திட்டவட்டமாக எழுதிப் பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். மற்றதை முழுவதும் கட்டிவிட வேண்டும்.

வாடகைக்கு இருப்பவர்கள், ஃபிளாட்காரர்கள்?

பில் உரிமையாளர் பெயரில் வரும். வாடகைக்காரரிடம் வாங்கலாமா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஃபிளாட்டில் கூரையும் கார் நிறுத்துமிடமும் பொதுச் சொத்து. நிர்வாகக் குழுவுக்கும் ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் தனித்தனியாகப் பில் போட்டு, ஒரே கூரைக்கு இரண்டு முறை வசூலிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் வந்துவிட்டால் வேலை நடக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

உங்கள் தெருக் கேட்ச்பிட்டைப் பாருங்கள். மூடியைத் தூக்க வேண்டாம், கனமானது, ஆபத்து. நடைபாதை ஓரத்து நீண்ட வாய் வழியாக டார்ச் அடித்தாலே தெரியும். உள்ளே பக்கவாட்டில் ஒரு குழாயின் வட்டம் தெரியும். அதன் கீழ்விளிம்புக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்க வேண்டும், மணல் அதில் தங்குவதற்காகவே அது. மணல் கீழ்விளிம்பைத் தொட்டிருந்தால் அடுத்த மழையில் மணல் குழாய்க்குள் போகும். பாதி வட்டம் மறைந்திருந்தால் குழாய் ஏற்கெனவே அடைபட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். டர்பனில் மழைக்காலம் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. அதனால் சுத்தம் செய்யும் வேலை ஆகஸ்ட், செப்டம்பரில் முடிய வேண்டும். ஜூலையில் ஒரு படம், செப்டம்பர் கடைசியில் ஒரு படம், தெருப் பெயரும் வீட்டு எண்ணும் தேதியும் தெரியும்படி எடுத்து, புகார் பதிவு எண்ணோடு வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதம் அடுத்த வரைவு பட்ஜெட் வரும்போது அந்த இரண்டு படங்களையும் உங்கள் கடிதத்தோடு இணையுங்கள்.